மூவரில் ஒருவர் ஙுயென்

வியட்நாமில் நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்பறை. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். பதின்மூன்று முதல் பதினைந்து பிள்ளைகளின் பெயர் ஒரே சொல்லில் தொடங்குகிறது: ஙுயென். நான்கைந்து பேரின் பெயர் திரான் என்று தொடங்குகிறது. மூன்று நான்கு பேரின் பெயர் லே என்று தொடங்குகிறது. ஏறத்தாழ பத்துக் கோடி மக்கள் வாழும் அந்த நாட்டில், வெறும் பதினான்கு குடும்பப் பெயர்களுக்குள் பத்தில் ஒன்பது பேர் அடங்கிவிடுவார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. அதன்படி ஙுயென் மட்டும் 38 விழுக்காடு. அண்மைக் கணக்கு ஒன்று அதைச் சற்றுக் குறைத்து 31, 32 என்ற அளவில் வைக்கிறது. எப்படிப் பார்த்தாலும் மூவரில் ஒருவர் ஙுயென். தென்கொரியாவில் ஐவரில் ஒருவர் கிம் என்று கேட்டு வியக்கிறோம். இது அதையும் மிஞ்சுகிறது.

நான் உயர்நிலை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறவன். விளையாட்டுச் செய்திகளைக் கத்தரித்து ஒட்டி வைக்கும் பழக்கமுள்ள மாணவன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். ஆசியப் போட்டி ஒன்றின் வியட்நாம் வீரர் பட்டியலைக் கொண்டுவந்து காட்டி, "சார், இவங்க எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டான். இல்லை என்பது ஒரு சொல் விடை. ஏன் இல்லை என்பதைச் சொல்லப்போனால் எண்ணூறு ஆண்டு வரலாறு விரிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் இந்தோ-சீனாவின் விடுதலை இயக்கத்தை நடத்தும்போதும், தொடக்கப் பள்ளியில் 'ங' எழுதப் பழக்கும்போதும்கூட இதில் பயன்படும் செய்திகள் உண்டு.

'ங'வுக்கு ஒரு சொல்

முதலில் உச்சரிப்பு. தமிழ் நாளிதழ்களில் இந்தப் பெயரை நுயென், நிகுயென், குயென் என்று பலவாறு பார்த்திருப்பீர்கள். ரோமன் எழுத்தில் என், ஜி, யு, ஒய், இ, என் என்று ஆறு எழுத்துகள் வரிசையாக நிற்பதால் வந்த தடுமாற்றம் அது. முதல் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து ஒரே ஒலியைத்தான் குறிக்கின்றன. அது நம்முடைய ஙகரம். 'அங்ஙனம்' என்று சொல்லிப் பாருங்கள்; நடுவில் வரும் ஙகரத்தைத் தனியே எடுத்து, அதனோடு 'உயென்' என்பதை இழுக்காமல் ஒரே அசையாகச் சேர்த்துவிட்டால் ஏறத்தாழ சரியாக வந்துவிடும்.

ஆங்கிலம் பேசுவோருக்கு இந்த ஒலி சொல்லின் முதலில் வராது. அதனால் பலர் 'வின்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். நமக்கும் ஙகரம் மொழிக்கு முதலில் வருவதில்லை. நன்னூல் மட்டும் 'அங்ஙனம்', 'இங்ஙனம்' போன்றவற்றில் சுட்டுக்கும் வினாவுக்கும் பின் வரும் 'ஙனம்' என்பதற்கு இடம் தருகிறது. ஆனால் நம்மிடம் எழுத்து இருக்கிறது. அரிச்சுவடியில் 'ங' கற்கும் குழந்தை, அதை முதலெழுத்தாகக் கொண்ட ஒரு சொல்லையும் காணாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறது. ஙா, ஙி, ஙு என்று வரிசை முழுவதும் எழுதவைக்கும்போது "இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. கோடிக்கணக்கான மனிதர்களின் பெயர் 'ஙு'வில் தொடங்குகிறது என்று அவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். இந்தக் கட்டுரை முழுவதும் ஙுயென் என்றே எழுதுகிறேன்.

வியட்நாமிய மொழியில் சுரம் மாறினால் பொருள் மாறும். வடக்கே ஆறு சுரங்கள். ஙுயென் என்பதைத் தொண்டையில் சற்றே முறித்து உயர்த்திச் சொல்கிறார்கள். எழுத்தின் மேல் அலைபோல் வரும் குறி அதற்குத்தான். ரோமன் எழுத்தில் அமைந்த இந்த எழுத்துமுறையை 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் வகுத்தார்கள். அலெக்சாந்தர் தெ ரோத் தொகுத்த அகராதி 1651-இல் ரோமில் அச்சானது. அதற்கு முன் இந்தப் பெயரைச் சீன எழுத்தில்தான் எழுதினார்கள்.

பதிவேட்டில் வரிசை

மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு ஒரே குடும்பப் பெயர் என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? அவருக்குச் சிக்கலே இல்லை. வியட்நாமியப் பெயரில் குடும்பப் பெயர் முதலில், இடைப்பெயர் நடுவில், இடுபெயர் கடைசியில் வரும். அழைப்பது இடுபெயரால். பதிவேட்டை அகர வரிசையில் அடுக்குவதும் இடுபெயரை வைத்துத்தான். மாணவரை மட்டுமல்ல, நாட்டின் தலைவரையும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். 2016 முதல் 2018 வரை வியட்நாமின் நான்கு உயர் பதவிகளில் மூன்றில் ஙுயென்கள் இருந்தார்கள்: கட்சிப் பொதுச்செயலாளர் ஙுயென் ஃபு திரோங், பிரதமர் ஙுயென் சுவான் ஃபுக், நாடாளுமன்றத் தலைவர் ஙுயென் தி கிம் ஙன். செய்தி வாசிப்பவர் திரு. திரோங், திரு. ஃபுக், திருமதி ஙன் என்று சொல்லிக்கொண்டு போவார். மூவரும் உறவினரா என்று அங்கே யாருக்கும் ஐயம் எழுவதில்லை. பிரெஞ்சுப் படையைத் தியென் பியென் ஃபூவில் தோற்கடித்த வோ ஙுயென் கியாப்பும் 'தளபதி கியாப்'தான். (அவர் பெயரின் நடுவில் வருவது வேறொரு சொல், சுரமும் எழுத்தும் வேறு. தமிழில் எழுதினால் ஒன்றுபோல் தெரிகிறது.) விதிவிலக்காகக் குடும்பப் பெயரால் 'ஹோ மாமா' என்று அழைக்கப்பட்டவர் ஹோ சி மின். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள வேடிக்கைக்குப் பிறகு வருகிறேன்.

இடைப்பெயரும் கொஞ்சம் உதவும். பழைய தலைமுறையில் ஆண்களுக்கு 'வன்', பெண்களுக்குத் 'தி' என்று வைப்பது வழக்கம். பெயரைக் கண்டவுடன் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். இப்போது பெற்றோர் பலர் தாயின் குடும்பப் பெயரையும் நடுவில் சேர்த்து, ஙுயென் திரான் என்று இரண்டையும் கோத்துப் பிள்ளைக்கு வைக்கிறார்கள். திருமணமானாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் தந்தையின் குடும்பப் பெயரைப் பெறுகிறார்கள். ஙுயென் வீட்டுப் பெண் ஙுயென் வீட்டுப் பையனை மணப்பதில் தடை ஏதுமில்லை. ஒரே பெயர் ஒரே குலத்தைக் குறிப்பதில்லை என்பது அவர்கள் நாள்தோறும் வாழ்ந்து காட்டும் உண்மை.

பெயர் மாறிய ஆண்டுகள்

குடும்பப் பெயர் என்ற பழக்கமே சீன ஆட்சியோடு வந்தது. கி.மு. 111 முதல் கி.பி. 938 வரை, இடையிடையே கிளர்ச்சிகள் வெடித்தாலும், இன்றைய வடக்கு வியட்நாம் பெரும்பாலும் சீனப் பேரரசுகளின் கீழ்தான் இருந்தது. வரி வாங்கவும் ஆள் எண்ணவும் பதிவேடு வேண்டும்; பதிவேட்டுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். சீனத்திலிருந்து வந்து குடியேறியவர்களும் தங்கள் பெயர்களோடு வந்தார்கள். சீனர்கள் 'ருவான்' என்று வாசிக்கும் எழுத்தைத்தான் வியட்நாமியர் ஙுயென் என்று வாசித்தார்கள். சீனத்தில் மூன்றாம் நூற்றாண்டில் 'மூங்கில் தோப்பின் ஏழு அறிஞர்கள்' என்று புகழ்பெற்ற குழுவில் இருவர் ருவான்கள். அவர்களில் ருவான் சியான் என்பவர் மீட்டிய நரம்புக் கருவிக்கு அவர் பெயரே நிலைத்து, இன்றும் அது ருவான் என்று அழைக்கப்படுகிறது. சீனத்தில் இது அவ்வளவாகப் பரவாத பெயர். அப்படிப்பட்ட பெயர் தெற்கே வந்து நாட்டில் மூன்றில் ஒரு பங்கினரின் பெயரானது எப்படி?

பிள்ளைப்பேறு அதிகம் என்பது விடையல்ல. மற்றப் பெயர்க்காரர்கள் ஙுயென்களாக மாறினார்கள். சிலர் மாற்றப்பட்டார்கள், சிலர் பயந்து மாறினார்கள், சிலருக்குப் பெயர் பரிசாகக் கிடைத்தது. ஆண்டுகளோடு பார்க்கலாம்.

1009 முதல் நாட்டை ஆண்டது லீ அரசமரபு. 1225-இல் அந்த மரபின் கடைசி வாரிசாக அரியணையில் இருந்தது ஒரு சிறுமி. அவளைத் திரான் குடும்பத்துச் சிறுவனுக்கு மணமுடித்தார்கள். இருவருக்கும் ஏழெட்டு வயது. சிறுமி கணவனுக்காக அரியணையைத் துறந்தாள், ஆட்சி திரான் குடும்பத்துக்குப் போய்விட்டது. இதைத் திட்டமிட்டு நடத்தியவர் சிறுவனின் உறவினர் திரான் து தோ. 1232-இல் ஓர் ஆணை வந்தது: லீ என்ற குடும்பப் பெயர் கொண்டோர் அனைவரும் இனி ஙுயென். சொன்ன காரணம், புதிய அரசனின் பாட்டனார் பெயர் திரான் லீ. அரச குடும்பத்துப் பெரியவரின் இடுபெயரை மற்றவர் வாயால் சொல்லக் கூடாது என்பது அந்நாளைய விலக்கு. உண்மைக் காரணத்தை 15-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அரசவை வரலாறே சொல்லிவிடுகிறது: மக்கள் மனத்தில் லீ மரபைப் பற்றிய நினைவு இருக்கக் கூடாது. இரு நூற்றாண்டுகள் ஆண்ட குடும்பத்தின் பெயரை ஒரே ஆணையில் துடைத்துவிட்டு, ஏற்கெனவே நாட்டில் புழங்கிய வேறொரு பெயரை அதன்மேல் எழுதினார்கள்.

1400-இல் ஹோ குயி லி என்ற அமைச்சர் திரான் மரபைக் கவிழ்த்து அரசரானார். அவரும் நிலைக்கவில்லை. 1407-இல் சீனத்தின் மிங் படை வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனது. ஹோ என்ற பெயர் ஆபத்தான பெயரானது. பலர் ஙுயென் என்று மாற்றிக்கொண்டார்கள். பிறகு 1527-இல் அரியணையைப் பிடித்த மாக் குடும்பம் 1592-இல் தலைநகரை இழந்தபோதும் இதே கதை. மாக் குடும்பத்தார் பலர் வேறு வேறு பெயர்களுக்குள் ஒளிந்தார்கள். அவற்றில் முதன்மையானது ஙுயென்.

பெயரை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு என்ன பயம் என்று மாணவர் கேட்பார்கள். அரசத் துரோகக் குற்றத்துக்கு ஒருவரை மட்டும் தண்டித்து நிறுத்துவதில்லை. மூன்று வழி உறவினரையும் சேர்த்துக் கொல்வது சட்டம். மிங் படையை விரட்டியதில் பெரும்பங்கு கொண்ட அறிஞர் ஙுயென் திராய், 1442-இல் அரசர் திடீரென இறந்தபோது பழி சுமத்தப்பட்டுக் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். தப்பிய ஒரு மகன் தாயின் குடும்பப் பெயரான ஃபாம் என்பதைச் சூடி வளர்ந்தான் என்பது மரபு வரலாறு. 1464-இல் லே தான் தோங் என்ற அரசர் திராய் குற்றமற்றவர் என்று அறிவித்தார். இங்கே ஓட்டம் எதிர்த்திசையில்: ஙுயென் என்பதே அன்று மறைக்க வேண்டிய பெயர்.

இதே திராய்க்கு முன்பு லே என்ற அரசப் பெயர் பரிசாகக் கிடைத்திருந்தது. போரில் துணைநின்றவர்களுக்குத் தன் குடும்பப் பெயரைக் கொடுப்பது அரசர் தரும் உயர்ந்த மரியாதை. இன்று வியட்நாமில் முதல் மூன்று இடங்களில் உள்ள பெயர்களைப் பாருங்கள்: ஙுயென், திரான், லே. மூன்றும் ஆண்ட மரபுகளின் பெயர்கள். ஆட்சியில் இருக்கும் பெயர் பெருகுகிறது, ஆட்சியை இழந்த பெயர் ஒளிகிறது. அந்த வரிசையில் கடைசியாக ஆட்சிக்கு வந்தவர்கள் ஙுயென்கள்.

1558-இல் ஙுயென் ஹொவாங் என்ற பிரபு, தலைநகர அரசியலிலிருந்து விலகி, இன்றைய ஹுவே நகரைச் சுற்றிய நடு வியட்நாமுக்கு ஆளுநராகச் சென்றார். அவர் வழியினர் தெற்கு நோக்கி நாட்டை விரித்துக்கொண்டே போனார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாய் சோன் உடன்பிறப்புகள் மூவர் கிளர்ந்தெழுந்து அவர்களைத் துரத்தினார்கள். அந்த மூவரும் ஙுயென்தான்! அவர்களில் ஒருவரான ஙுயென் ஹுவே 1789-இல் சீனப் படையைத் தோற்கடித்து நாட்டு வீரரானார். அவருடைய முன்னோர் ஹோ என்ற பெயர் கொண்டவர்கள். ஆக, ஒரு ஙுயென் குடும்பத்தை விரட்டியது, இடையில் ஙுயென் ஆன இன்னொரு குடும்பம். விரட்டப்பட்டவர்களில் எஞ்சிய ஙுயென் ஆன் திரும்பி வந்து வென்று, 1802-இல் ஜியா லாங் என்ற பட்டப் பெயரோடு நாடு முழுவதற்கும் அரசரானார். அவர் மரபு 1945-இல் பாவோ தாய் முடிதுறக்கும் வரை நீடித்தது.

இந்த 143 ஆண்டுகளில் ஙுயென் என்பது அரசரின் பெயர். ஜியா லாங்கின் தளபதி ஹுவின் துவோங் தக் அரசப் பெயரைப் பரிசாகப் பெற்று, ஙுயென் ஹுவின் தக் என்றே வரலாற்றில் நிலைத்தார். அரச குடும்பத்துக்கோ இது ஒரு தலைவலி. ஊரெல்லாம் ஙுயென் என்றால் தங்களைத் தனித்துக் காட்டுவது எப்படி? 'ஙுயென் ஃபுக்' என்று இரட்டைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அது போதாதென்று 1823-இல் மின் மாங் அரசர் இருபது சொல் கொண்ட ஒரு செய்யுளை இயற்றி, தன் வழியில் ஒவ்வொரு தலைமுறையும் அதிலிருந்து அடுத்த சொல்லை வரிசையாகப் பெயரில் சேர்க்க வேண்டும் என்று வகுத்தார். ஒருவர் பெயரில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்தால் எத்தனையாவது தலைமுறை என்று எண்ணிவிடலாம். பாவோ தாயின் இயற்பெயர் வின் துயி. 'வின்' என்பது அவர் தலைமுறையின் சொல்.

பிரெஞ்சுக்காரர்கள் மக்கள்தொகை எடுத்தபோது, குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கெல்லாம் ஙுயென் என்று எழுதிவிட்டார்கள் என்ற கதையையும் நீங்கள் கேட்க நேரலாம். ஆண்டையோ ஆணையையோ சுட்டாமல் சொல்லப்படும் கதை அது. 1232 என்று ஆண்டு போட்டு எழுதப்பட்ட செய்தி கையில் இருக்கும்போது, நான் இதை வகுப்பில் சொல்வதில்லை.

வடக்கும் தெற்கும்

ஙுயென் நாடெங்கும் உண்டு. ஆனால் அந்த அரசமரபு பக்கத்துப் பெயர்கள் இரண்டைப் பிளந்துவிட்டது. ஙுயென் ஹொவாங்கின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால், அவர் ஆண்ட பகுதியில் ஹொவாங் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் ஹுவின் ஆனார்கள். அவர் வழிவந்த பிரபு ஒருவரின் பட்டப் பெயரால் வு என்பது வோ ஆனது. வடக்கே ஹொவாங், வு. தெற்கே ஹுவின், வோ. சீன எழுத்தில் எழுதினால் இரண்டு இணைகளும் அதே எழுத்துகள். இன்றும் ஒருவர் ஹுவின் என்று பெயர் சொன்னால், குடும்பம் தெற்கே என்று கேட்பவர் ஊகித்துவிடுவார்.

வியட்நாமில் அரசு ஏற்ற இனக்குழுக்கள் 54. மக்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் கின் இனத்தார். ஙுயென் பெருவாரியாகக் காணப்படுவது அவர்களிடம்தான். மேட்டுநிலத்து எதே மக்களிடம் குலம் தாய்வழி. நியே போன்ற குலப் பெயர் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. மேக்கோங் கழிமுகத்தில் வாழும் கெமர் மக்களிடம் தாக், சோன், கிம், தான் போன்ற பெயர்கள் உண்டு. அவை ஙுயென் அரசின் காலத்தில் பதிவேட்டுக்காக அவர்களுக்குச் சூட்டப்பட்டவை. நடு வியட்நாமின் மலைகளில் வாழும் புரு-வன் கியெவ் மக்களோ ஹோ என்ற பெயரைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஹோ சி மின் மீது கொண்ட மதிப்பினால்.

முன்பு சொன்ன வேடிக்கை இதுதான். ஹோ சி மின் பிறப்பால் ஹோ அல்லர். 1890-இல் பிறந்தபோது வைத்த பெயர் ஙுயென் சின் குங். பிறகு ஙுயென் தத் தான். பாரிசில் அரசியலில் இறங்கியபோது 'நாட்டுப்பற்றாளன் ஙுயென்' என்று பொருள்படும் ஙுயென் ஆய் குவோக். ஒற்றர்களிடமிருந்து தப்பப் பல புனைபெயர்கள். கடைசியில் நிலைத்தது ஹோ சி மின். பதினைந்தாம் நூற்றாண்டில் உயிர் தப்ப ஹோக்கள் ஙுயென் ஆனார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஒரு ஙுயென் ஹோ ஆனார், அவரைப் பார்த்து ஓர் இனக்குழுவே ஹோ ஆயிற்று.

பெயர் பக்கம் சாராது என்பதற்கு 1973 ஜனவரி 27 நல்ல எடுத்துக்காட்டு. பாரிசில் வியட்நாம் அமைதி உடன்பாட்டில் வியட்நாம் தரப்புகளில் மூன்று கையெழுத்துகள் விழுந்தன. வடக்கின் சார்பில் ஙுயென் சுய் திரின். தெற்கின் விடுதலைப் போராளிகள் அமைத்த தற்காலிக அரசின் சார்பில் ஙுயென் தி பின் அம்மையார். சைகோன் அரசின் சார்பில் திரான் வன் லாம். சைகோனில் அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவரோ ஙுயென் வன் தியு. இந்தப் பெயர்ப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து, யார் எந்தப் பக்கம் என்று பிரிக்கச் சொன்னால் முடியாது.

கடல் கடந்த பின்

1975-இல் சைகோன் வீழ்ந்ததும் இலட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். சென்ற இடங்களில் குடும்பப் பெயரைக் கடைசியில் எழுதுவது வழக்கம். அலைக்குறியை இட அச்சுப்பொறியில் வழியில்லை. முதலில் நின்ற ஙுயென் கடைசிக்குப் போனது, சுரம் உதிர்ந்தது. 'தி சிம்பதைசர்' நாவலுக்காக 2016-இல் புலிட்சர் பரிசு பெற்ற எழுத்தாளர் வியட் தான் ஙுயென் அந்தத் தலைமுறையின் பிள்ளை.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் இந்தப் பெயர் ஏறிய வேகத்தைப் பாருங்கள்: 1990-இல் 229-ஆவது இடம், 2000-இல் 57, 2010-இல் 38. அந்த ஆண்டு எண்ணிக்கை 4,37,645. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத் தொலைபேசிக் கையேட்டில் ஸ்மித் என்ற பெயருக்கு அடுத்தபடி நின்றது ஙுயென். செக் நாட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பப் பெயர்களில் இதற்குத்தான் முதலிடம். அது போரினால் வந்ததல்ல. சோசலிச நாடாக இருந்த காலத்தில் செக்கோஸ்லோவாக்கியா, வியட்நாமிலிருந்து தொழிலாளர்களையும் பயிற்சியாளர்களையும் அழைத்துக்கொண்டது. செக் மொழியில் பெண்ணின் குடும்பப் பெயர் பெரும்பாலும் 'ஓவா' என்று முடிவது வழக்கம். ஆகவே அங்கே 'ஙுயெனோவா'க்களும் இருக்கிறார்கள். சொந்த நாட்டில் தொல்லையே தராத பெயர், குடும்பப் பெயரைத் திறவுகோலாக வைத்து ஆளைத் தேடும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் தொல்லையானது. பெயர் அப்படியே இருக்க, பதிவேட்டின் அமைப்பு மாறியதால் வந்த வினை.

பிரெஞ்சு ஆட்சியின் பதிவேடு நம் பக்கத்திலும் பெயர்களை மாற்றியிருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பகுதித் தமிழருக்குத் தனிநபர் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க 1881-ஆம் ஆண்டு ஆணை வழிசெய்தது. அப்படி ஏற்றவர்கள் நிலையான குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இயக்கத்துக்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' ஆனார். பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள். இவ்வாறு பெயர் பெற்றவர்களில் பலர் எழுத்தராக, காவலராக, வரி அலுவலராகச் சைகோனுக்குத்தான் போனார்கள். அந்த நகரின் நடுவே மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அங்கே போன தமிழரின் புதிய பிரெஞ்சுப் பெயரும், எதிரே நின்ற வியட்நாமியரின் சீன வழிப் பெயரும் ஒரே அலுவலகப் பதிவேட்டில் ஏறின.

வகுப்பில் இதைக் கணக்காகவும் கொடுக்கலாம். 0.38 என்பதை 0.38 ஆல் பெருக்கச் சொல்லுங்கள், ஏறத்தாழ 0.14 வரும். ஏதேனும் இரண்டு வியட்நாமியரை எடுத்தால், ஏழு முறைக்கு ஒரு முறை இருவருமே ஙுயென். எங்கள் வகுப்பில் வரலாற்றுக்காக வேறொன்று செய்தோம். கரும்பலகையில் 1232, 1407, 1592, 1802 என்று எழுதி, ஒவ்வோர் ஆண்டிலும் ஒரு குடும்பம் பெயரை வைத்துக்கொள்ளுமா, மாற்றிக்கொள்ளுமா என்று குழுவாகப் பேசி முடிவெடுக்கச் சொன்னேன். 1802 வந்தபோது எல்லாக் குழுவும் 'மாத்திக்கலாம் சார்' என்றன. 1232-இல் ஒரு குழு மட்டும் மாற்ற மாட்டோம், ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்றது.

அப்படிப் போனவர் ஒருவர் உண்டு. லீ அரச குடும்பத்து இளவரசர் லீ லாங் துவோங், ஆட்சி கைமாறியவுடன் 1226-இல் கடல்வழியே தப்பிக் கொரியாவில் கரை சேர்ந்தார் என்கின்றன குடும்ப வரலாறுகள். அங்கே அவர் வழியினர் ஹ்வாசன் யி என்ற குலமாக நிலைத்தார்கள். கொரிய வாயில் 'யி' என்பதும் அதே லீதான். 1990-களில் அந்தக் குலத்தார் சிலர் வியட்நாமுக்கு வந்து, ஹனோய்க்கு அருகே பாக் நின் மாநிலத்தில் லீ அரசர்கள் எட்டுப் பேருக்கு எழுப்பிய கோயிலில் வழிபட்டார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் அயல்நாட்டில் இருந்தும் பெயர் மாறாமல் திரும்பியவர்கள் அவர்கள். ஊரிலேயே இருந்துவிட்ட உறவினர்களின் பிள்ளைகள், 1232-இலிருந்து ஙுயென்.